கன்றுக்கு இரண்டு காம்பு

காங்கேயம் காளையைப் படத்திலாவது பார்க்காதவர் இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் மெரினாவில் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளில் திமில் புடைத்த காளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் காளையைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதை வளர்த்து ஆளாக்கிய மனிதர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய மந்தை வைத்து, பொறுக்கிப் பொறுக்கிக் காளை நிறுத்தி இந்த இனத்தைச் செம்மைப்படுத்திய பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இருக்க வேண்டிய பெயர்தான். அதே மண்ணில் பத்துப் பன்னிரண்டு உருப்படியை வைத்துக்கொண்டு, ஆயுசு முழுக்க அவற்றோடு எழுந்து அவற்றோடு படுத்த எத்தனையோ பேருடைய பெயர் எதிலும் இல்லை. என் அய்யன் அவர்களில் ஒருவர்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குத் தெற்கே. நான் பிறந்தபோது கோயமுத்தூர் மாவட்டம். 1979-இல் பெரியார் மாவட்டம் ஆனது, 2009-இல் திருப்பூர் மாவட்டம். மாவட்டம் எதுவானாலும் மழை மட்டும் மாறவில்லை. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதிலும் பெரும்பங்கை ஐப்பசி கார்த்திகை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடும். செம்மண்ணும் சரளையுமான பூமி. நெல், கரும்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த மண்ணுக்கென்று எங்கள் முன்னோர் கண்டுபிடித்து வைத்தது கொறங்காடு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கமும் கிளுவை முள்ளை நட்டு உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு அது. உள்ளே கொழுக்கட்டைப் புல், அதோடு கலந்து முளைக்கிற பலவிதச் செடி கொடி, இடையிடையே வெள்வேல மரங்கள். படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் போதும், மேய்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. கோடையில் வேலங்காய் உதிரும். ஆடும் மாடும் அதைப் பொறுக்கித் தின்னும். தின்ற விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து மண்ணைப் புரட்டி விடுவதும் உண்டு.

எங்களுடையது மூன்று துண்டு. ஐப்பசி மழை விழுந்த சில நாளில் மூன்றும் பச்சை கட்டிவிடும். ஆடி ஆவணியெல்லாம் விலா எலும்பு தெரிய நின்ற மாடுகள் வேலியோரம் மூக்கை நீட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அய்யன் ஒரு துண்டின் படலை இழுத்துக் கட்டுவார். மேலே முள்ளையும் வைப்பார். புல் வளர்ந்து, கதிர் விட்டு, கதிர் முற்றி, விதை மண்ணில் விழுகிற வரைக்கும் அந்தத் துண்டுக்குள் ஒரு வெள்ளாட்டுக்குட்டிக்கும் அனுமதியில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுச் சீக்கிரமே மாட்டைத் தேற்றிவிடுவார்கள். எங்கள் மாடு தேற நாளாகும். பள்ளிக்கூடத்துப் பையனான எனக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

“அய்யா, நம்ம மாடுதானுங்க இன்னும் எளைச்சுக் கெடக்குது” என்பேன்.

“வெதை வுழுகட்டும் சாமி” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மாசி பங்குனியில் ஊரில் பல காடுகள் மண் தெரியக் காய்ந்து கிடக்கும்போது, எங்கள் அடைப்புக் காட்டில் பழுத்த புல் நின்றுகொண்டிருக்கும். அடுத்த மழைக்கு, விதை விழுந்த துண்டில்தான் புல் அடர்ந்து கிளம்பும். அப்போது அடைப்பு வேறு துண்டுக்கு மாறும். இதை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. நிலத்திடமிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிடக் கூடாது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வேலி சுற்றுவது அவருடைய அன்றாட வழிபாடு. விடியக்காலை சாணி வழித்து, பால் கறந்து, மாட்டை ஓட்டிவிட்ட பிறகு கையில் கொடுவாளோடு கிளம்புவார். கிளுவையில் எங்கே சந்து விழுந்திருக்கிறது, எந்தப் போத்து பட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொரு முழமாகப் பார்ப்பார். மழைக்கு முன்னால் புதுப் போத்து வெட்டிச் சந்துகளில் ஊன்றுவார். “வேலி உசுரா இருந்தா மாடு நம்ம மாடு, இல்லாட்டி ஊரு மாடு” என்பார். கூட நடக்கிற எங்களுக்கு அறிவுரை எதுவும் சொன்னதாக நினைவில்லை. கூட நடக்க விட்டார், அவ்வளவுதான். எந்தப் புல் எப்போது கதிர் விடும், எந்த மாடு எந்த நிழலில் படுக்கும் என்பதெல்லாம் அந்த நடையிலேயே எங்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

காங்கேயம் மாடு பாலுக்குப் பேர் போனது கிடையாது. நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கிடைத்தால் நல்ல மாடு. கன்றை விட்டு ஊட்டினால்தான் சுரக்கும். அய்யன் இரண்டு காம்பு கறப்பார். இரண்டு காம்பைக் கன்றுக்கு விட்டுவிடுவார். வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். மோர் போதாது என்று ஆத்தா சத்தம் போடும். “இன்னொரு காம்புல ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் என்னங்க?” என்று கேட்கும். அய்யன் சிரித்துக்கொண்டே கன்றை அவிழ்த்துவிட்டு விடுவார். அந்தக் கன்றுதான் நாலு வருஷம் கழித்து ஏரில் நிற்கப் போகிறது, அல்லது அடுத்த கன்றை ஈனப் போகிறது. இளமையில் வற்றிய மாடு கடைசி வரைக்கும் வற்றல்தான் என்பது அவர் கணக்கு. எங்களுக்குப் பால் குறைந்த நாளில் கம்மஞ்சோற்றுக்குத் தன் பங்கு மோரையும் எங்கள் வட்டிலில் ஊற்றிவிட்டுப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார்.

மாடு கன்று போடுகிற இரவு வீட்டில் யாரும் தூங்கமாட்டோம். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கன்று விழுந்ததும் அய்யன் மூக்கையும் வாயையும் துடைத்து, குளம்பு நுனியில் மெத்தென்று இருக்கிறதைக் கிள்ளி எடுத்துவிட்டு, தாய் நக்கட்டும் என்று ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார். நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் இடத்தை விட்டு நகரமாட்டார். நாய் இழுத்துவிடாமல் அதை வைக்கோலில் பொதிந்து, விடிந்ததும் ஊர்க்கோடி ஆலமரத்தில் கொண்டுபோய்க் கட்டுவார். எங்கள் கன்று செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதத்தில் அந்த நிறம் மெல்ல மங்கி மயிலைக்கு மாறும். சின்ன வயதில் நிறம் போகிறதே என்று நான் அழுதிருக்கிறேன். சீம்பால் நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு.

1970-இல் நான் புகுமுக வகுப்பு முடித்துக் கோயமுத்தூரில் பட்டப்படிப்புக்குப் போக ஆசைப்பட்டேன். அய்யன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சித்திரையில், கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடுகிற மாட்டுத்தாவணிக்கு நாலு பல் போட்ட சோடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். கொம்பு சீவி எண்ணெய் தடவி, கழுத்துக்கு மணி கட்டி, ராத்திரியே நடந்தோம். காடெல்லாம் மாடு. கயிற்றுக்கடை, சாட்டைக்கடை, சலங்கைக்கடை. வருகிறவர்கள் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலடி நடக்க விட்டுப் பார்ப்பார்கள். விலை மட்டும் வாயால் பேசமாட்டார்கள். துண்டைக் கையில் போட்டுக்கொண்டு அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவது.

ஒட்டன்சத்திரம் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு எங்கள் சோடி பிடித்துப்போனது. முதல்முதலாகத் தனியாகப் பண்ணயம் கட்டுகிறவர். தரகர் அய்யன் காதில் ஏதோ சொன்னார். இன்னும் ஏற்றலாம் என்றுதான் இருக்கும். துண்டுக்கடியில் நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அய்யன் சீக்கிரமே கையை எடுத்துக்கொண்டார். தரகர் முகம் சுருங்கிவிட்டது.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு எல்லாரும் செய்கிற மாதிரி அய்யன் கிளம்பிவிடவில்லை. வழக்கப்படி எங்கள் பழைய தலைக்கயிற்றை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார். வாங்கியவர் புதுக்கயிறு போட்டார். அப்புறம் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்ல ஆரம்பித்தார்: “தம்பி, இவன் வலத்தான், இவன் இடத்தான். மாத்திப் பூட்டிப் போடாதீங்க. இடத்தான் கொஞ்சம் கூச்சக்காரன். லாரி வெளிச்சம் பட்டா ஒதுங்குவான், அடிக்காதீங்க, பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுங்க, போதும். வலத்தான் குடிச்ச பொறகுதான் இவன் தண்ணியில வாய் வெப்பான். மொத நாள் தட்டு திங்காட்டி பயந்துக்காதீங்க, பருத்திக்கொட்ட கொஞ்சம் ஆட்டி வெச்சுப் பாருங்க.” அந்த இளைஞர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அய்யன் இரண்டு மாட்டின் தாடையிலும் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “வா கண்ணு, பீசுக்கும் பஸ்ஸுக்கும் ஆச்சு” என்றார்.

அந்தச் சோடியை விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. நான் வேலைக்குப் போன பிறகும், கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும், சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் வரவில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்களுக்குச் செய்ததையெல்லாம் சொல்லிக்காட்டத் துடித்த நாக்கை அடக்கியபோதுதான், அய்யன் அடக்கியது எவ்வளவு என்று தெரிந்தது.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் கட்டுத்தரையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த ஆள்காரர் ஒருவர் இருந்தார். மாட்டைப் பற்றி அய்யனுக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தெரிந்தது. எந்த மாடு சினை பிடித்திருக்கிறது என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்குச் சோறு வாசலுக்கு வெளியேதான் போட்டார்கள். தண்ணீர் தனிக் குவளையில்தான். ஊரே அப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கன்றுக்கு இரண்டு காம்பு விடத் தெரிந்த மனிதருக்கு, கூட உழைத்தவரை வீட்டுக்குள் கூப்பிடத் தோன்றவில்லை. அது அநியாயம். அய்யனை எவ்வளவு நேசித்தாலும் அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

1982, 83 வறட்சி இன்னொரு கதை. கிணறுகள் வற்றின. அடைப்புக் காட்டிலும் புல் இல்லை. சோளத்தட்டுப் போர் தீர்ந்தது. வேப்பந்தழையும் ஆலந்தழையும் ஒடித்துப் போட்டு நாளை ஓட்டினார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்கு லாரி லாரியாக மாடு போனது. விலை என்று ஒன்று இல்லவே இல்லை. அய்யன் காளைகளையும் எருதுகளையும் விற்றார், கிழட்டு மாடுகளை விற்றார். ஒரு பசுவையும் அதன் கிடேரியையும் மட்டும் விற்கமாட்டேன் என்று நின்றார். அவை இரண்டுக்கும் வெளியூரிலிருந்து வைக்கோல் விலைக்கு வாங்கினார். தங்கச்சி கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அதில் கரைந்தது. கல்யாணம் தள்ளிப்போனது.

ஆத்தா அன்றைக்குக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “மாட்டுக்குப் படற பாடு மகளுக்குப் படக்கூடாதா?”

அய்யனிடம் பதில் இல்லை. எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது வெக்கை நோய் வந்து, எங்கள் அப்பாருடைய மந்தை மொத்தமும் சில வாரத்தில் செத்து விழுந்ததாம். மாட்டைப் புதைக்கக் குழி வெட்டிச் சலித்துப் போனார்களாம். அப்புறம் அம்மாயி வீட்டிலிருந்து ஓட்டி வந்த ஒற்றைக் கிடேரியிலிருந்துதான் மறுபடி பட்டி நிறைந்தது. அதனாலேயே, அரசாங்கத்து ஊசி ஊருக்கு வந்தபோது மற்றவர்கள் மாட்டை ஒளித்து வைக்க, அய்யன் முதல் ஆளாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அந்த வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள். அதைக் கேட்க அவர் இல்லை. ஒரு கிடேரி மிஞ்சினால் எல்லாம் திரும்பி வரும் என்பதைத் தன் கண்ணால் பார்த்த பையன் அவர். அந்தப் பையன்தான் 83-இல் பிடிவாதமாக நின்றது.

அவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் முழுசாகச் சரி என்று படவில்லை. தங்கச்சியிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு மழை பெய்தது, பசு ஈன்றது, கிடேரி ஈன்றது, கல்யாணமும் நல்ல இடத்தில் நடந்தது. புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்தக் கிடேரியின் கன்றைத்தான் தங்கச்சி சீதனமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. கோபம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். “போகலீங்ணா. ஆனா அந்தக் கன்னு எனக்கு வேணும்” என்றது. தகப்பன் மேல் கோபமும் இருக்கலாம், அவர் காப்பாற்றிய கன்றின் மேல் பாசமும் இருக்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது தங்கச்சிதான்.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. கவலை இறைத்த மாட்டின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. பாரவண்டி போய் லாரி வந்தது. உழைக்கிற மாட்டுக்கு உழைப்பு இல்லாமல் போனால் அதை யார் வைத்திருப்பார்கள்? பால் சொசைட்டி வந்ததும் அண்ணன் ஒரு கலப்பினப் பசுவை வாங்கி வந்தார். வீட்டில் பெரிய ரகளை நடக்கும் என்று எதிர்பார்த்து ஊரிலிருந்து வந்தேன். வந்து பார்த்தால் அய்யன் அந்தப் பசுவுக்குப் பனையோலையில் சாளை போட்டுக்கொண்டிருந்தார். “இது வெயில் தாங்காத சீவன். நம்ம மாடு மாதிரி வெளியில நிறுத்தினா சீரழிஞ்சு போகும்” என்றார். உச்சி வெயிலில் சாக்கை நனைத்து அதன் முதுகில் போடுவார். தன் இனம் அழிந்துபோகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அந்த வருத்தத்தை வந்து நின்ற மாட்டின் மேல் அவர் காட்டவில்லை. இன்று நாட்டு மாடு, சீமை மாடு என்று கட்சி கட்டி ஆவேசமாகப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது, அந்த நனைந்த சாக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

1994 தை மாதம் அய்யன் போனார். சொந்தபந்தமெல்லாம் கூடி, எடுக்க நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். ஆத்தா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க, அப்புறம் எடுக்கலாம்” என்றது. அந்த ஆள்காரர் எழுந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். ஊர் காத்திருந்தது.

இப்போது எங்கள் பக்கம் கொறங்காடுகள் மனையாகவும் காற்றாலை நிலமாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. மேய்ச்சல் காடு குறைந்தால் மாடும் குறையத்தானே செய்யும். ஆனாலும், இதெல்லாம் போகக் கூடாது என்று பாடுபடுகிறவர்களும் இருக்கிறார்கள். குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் மாட்டின ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை காங்கேயம் மாட்டுக்கென்றே கூடுகிறது. வாங்க வருகிறவர்களில் இளவட்டங்களைப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் காளையோடு படம் எடுத்துப் போடுவதற்காக வருகிறார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். வரட்டும். எதற்காக வந்தாலும் மாட்டுக்குத் தட்டு போட்டுத்தானே ஆக வேண்டும். போடப் போட மனசு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் கிளம்பியிருக்கிறான். அண்ணனுடைய பேரன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். போன வருஷம் ஒரு பசுவும் இரண்டு கிடேரியும் வாங்கி எங்கள் பழைய காட்டில் விட்டான். வாரக் கடைசியில் வந்து வேலி சுற்றுகிறான். மழைக்கு முன்னால் சந்துகளில் கிளுவைப் போத்து நட்டான். சில பிடிக்கவில்லை, பெரும்பாலானவை துளிர்த்துவிட்டன. மழை விழுந்து காடு பச்சை கட்டியதும் போனில் கேட்டான்: “சின்னப்பாரு, மூணு காட்டையும் தொறந்து வுட்டறலாங்களா? மாடு எளைச்சிருக்குதுங்க.”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். கதிர், விதை, அடுத்த மழை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து மேக்காலக் காட்டுப் படலை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். தை பிறந்துதான் திறக்க வேண்டும். அதுவரைக்கும் மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு இருக்கிறது.